முதல் விமானத்துக்கு எஞ்சின் செய்த சார்லி டெய்லர்: கேள்வி பதில்

ரைட் சகோதரர்களின் 1903 விமானத்துக்கு எஞ்சின் செய்தவர் சார்லி டெய்லர். அவரைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எஞ்சினையும் ரைட் சகோதரர்கள்தானே செய்தார்கள்? நடுவில் இவர் யார்?

இறக்கை, புரொப்பெல்லர் எல்லாம் அவர்கள் போட்ட கணக்கு. எஞ்சினை இரும்பிலும் அலுமினியத்திலும் செய்து கொடுத்த கை டெய்லருடையது. 1868 மே 24-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு பத்திரிகை அலுவலகத்தில் எடுபிடி வேலைக்குப் போனார். 1896-ல் ஓஹையோவின் டேட்டன் நகருக்குக் குடிவந்தார். ரைட் சகோதரர்களுக்குச் சைக்கிள் கடை இடத்தை வாடகைக்கு விட்டவர், டெய்லரின் மனைவி வழி உறவினர். அந்தப் பழக்கத்தில் 1901 ஜூனில் வாரம் 18 டாலர் சம்பளத்துக்குக் கடையில் சேர்ந்தார். அண்ணன் வில்பரும் தம்பி ஆர்விலும் கிட்டி ஹாக் மணல்மேட்டுக்குக் கிளைடரோடு (எஞ்சின் இல்லாத விமானம்) போயிருக்கும்போது கடையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

டிசைன் யாருடையது என்றால், மூவரும் பேசிப் பேசி உருவாக்கியது. முழு வரைபடம் என்று எதுவும் போடவில்லை. ஒரு பாகத்தைப் பற்றிப் பேச்சு வரும், யாராவது துண்டுத்தாளில் கிறுக்குவார்கள், டெய்லர் அதைத் தன் வேலை மேஜைக்கு மேலே ஆணியில் குத்திவைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். அதனால் 'வடிவமைத்தவர்' என்ற பெயரை அவருக்கு மட்டும் கொடுக்க முடியாது. வெறும் மெக்கானிக் என்று ஒதுக்குவது அதைவிடத் தப்பு.

கேள்வி: கார் எஞ்சின்கள் அப்போதே இருந்தனவே. ஒன்றை வாங்கிப் பொருத்தியிருக்கலாமே?

முதலில் அதைத்தான் முயன்றார்கள். 1902 டிசம்பரில் பல கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டார்கள். சுமார் 8 குதிரைத்திறன், எடை 90 கிலோவுக்குள், அதிர்வு குறைவாக இருக்கவேண்டும் என்று கேட்டார்கள். சாதகமான பதில் வரவில்லை. அன்றைய கார் எஞ்சின்கள் அந்தத் திறனுக்கு ரொம்பவே கனம். சரி, நாமே செய்துவிடலாம் என்று முடிவானது. அதற்கு முன்னால் பட்டறை மெஷின்களை ஓட்ட ரைட் சகோதரர்கள் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்றைச் செய்திருந்தார்கள். டெய்லருக்கு இருந்த பெட்ரோல் எஞ்சின் அனுபவமோ, 1901-ல் ஒரு காரை ரிப்பேர் செய்யப் பார்த்தது மட்டும்தான்.

கேள்வி: நான் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மில்லிங் மெஷின்கூட இல்லாமல் கிராங்க் ஷாஃப்ட்டை எப்படி எடுத்தார்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. (மற்றவர்களுக்கு: பிஸ்டன்கள் முன்னும் பின்னும் போவதைச் சுழற்சியாக மாற்றும் தண்டுதான் கிராங்க் ஷாஃப்ட்.) அவரிடம் இருந்தவை ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், அப்புறம் கைக்கருவிகள். 31 அங்குல நீளம், 6 அங்குல அகலம், ஒன்றே ஐந்தெட்டு அங்குல கனம் உள்ள டூல் ஸ்டீல் பிளேட்டை எடுத்துக்கொண்டார். கிராங்க் ஷாஃப்ட்டின் உருவத்தை அதன் மேல் கோடாக வரைந்தார். அந்தக் கோட்டை ஒட்டி வரிசையாக, நெருக்கமாகத் துளை போட்டுக்கொண்டே போனார். பிறகு உளியும் சுத்தியலுமாக வேண்டாத பகுதியைத் தட்டி எடுத்தார். கையில் நின்றது முரட்டு வடிவம். அதை லேத்தில் ஏற்றிக் கடைந்தார்.

பிளேட்டின் அளவை வைத்துக் கணக்குப் போட்டால் அது சுமார் 40 கிலோ வரும். முடிந்த ஷாஃப்ட் 19 பவுண்டு, அதாவது எட்டரை கிலோவுக்குச் சற்று மேல். மிச்சம் முழுக்கத் தூளும் துண்டுமாகப் போனது. சென்டர் மாற்றி மாற்றி நாலு கிராங்க் பின்னையும் கடைவது எவ்வளவு பெரிய பாடு என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஷாஃப்ட் கச்சிதமாக பேலன்ஸ் ஆனது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

கிராங்க் ஷாஃப்ட் உட்காரும் கூடான கிராங்க் கேஸ் மட்டும் வெளியே வார்த்தது. டேட்டனில் இருந்த ஒரு ஃபவுண்டரியில், செம்பு கலந்த அலுமினியத்தில். எடையைக் குறைத்ததில் பெரும்பங்கு இதற்குத்தான். முழு எஞ்சினும் ஆறே வாரத்தில் தயார்.

கேள்வி: கார்புரேட்டர் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை என்று படித்தேன். அப்புறம் எப்படி ஓடியது?

பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர், பொறி தரும் ஸ்பார்க் பிளக், இரண்டுமே கிடையாது. பெட்ரோல் பம்ப், தண்ணீர் பம்ப், ஆக்ஸிலரேட்டர்கூட இல்லை. மேலே ஒரு கம்பத்தில் சின்ன பெட்ரோல் டப்பா. அதிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கி, சிலிண்டர்களுக்கு மேலே சூடாக இருக்கும் தட்டையான அறைக்குள் சொட்டும். சூட்டில் ஆவியாகிக் காற்றோடு கலந்து உள்ளே போகும். உள்வாங்கும் வால்வைத் திறக்கத் தனி ஏற்பாடு இல்லை, பிஸ்டன் இழுக்கிற இழுப்பிலேயே திறந்துகொள்ளும். புகை வெளியேறும் வால்வுக்கு மட்டும் அதைத் திறந்துவிடும் கேம் ஷாஃப்ட் என்ற தண்டு. அதைச் சுழற்றியது ஒரு செயின். சைக்கிள் கடை இல்லையா!

தீப்பொறிக்கு, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு முனைகள் தொட்டுப் பிரியும். பிரிகிற நொடியில் பொறி தெறிக்கும். கிளப்பும்போது தரையில் இருக்கும் பேட்டரி, ஓடத் தொடங்கியதும், எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலோடு உரசிச் சுற்றி மின்சாரம் தரும் மேக்னெட்டோ. வேகத்தைக் கூட்டிக் குறைக்கப் பொறி விழும் நேரத்தை மாற்றுவதுதான் ஒரே வழி.

கேள்வி: 12 குதிரைத்திறன் என்பது ரொம்பக் குறைவு இல்லையா?

குறைவுதான். நாலு சிலிண்டர், நாலு அங்குல விட்டம், நாலு அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). கொள்ளளவு சுமார் 3.3 லிட்டர் வருகிறது. இன்றைக்குத் தெருவில் ஓடும் 150 சிசி பைக் அந்தத் திறனைத் தந்துவிடும். கிளப்பிய முதல் சில நொடிகளில் கிட்டத்தட்ட 16 வரும். பிறகு வால்வுப் பகுதி சூடேறி, உள்ளே வரும் காற்று விரிந்து மெலிந்துபோவதால் 12-க்கு இறங்கிவிடும்.

அதே வருடம், ரைட் சகோதரர்களுக்குப் போட்டியாக விமானம் பறக்கவிட முயன்ற விஞ்ஞானி லாங்லிக்காக சார்லஸ் மேன்லி செய்த ஐந்து சிலிண்டர் ரேடியல் எஞ்சின் (சிலிண்டர்கள் வட்டமாக நிற்பது) 52 குதிரைத்திறன் தந்தது. எஞ்சினாக மட்டும் பார்த்தால் மேன்லியுடையது எங்கேயோ உயரத்தில் நிற்கிறது. ஆனால் அந்த விமானம் 1903 அக்டோபரிலும் டிசம்பர் 8-லும் பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. ரைட் சகோதரர்களின் இறக்கையும் புரொப்பெல்லரும் நன்றாக இருந்ததால் 8 கிடைத்தாலே போதும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். டெய்லர் 12 கொடுத்தார். கூடுதலாகக் கிடைத்த திறனை வைத்து விமானத்தின் மரச்சட்டங்களைக் கெட்டிப்படுத்திக்கொண்டார்கள்.

கேள்வி: ஒரே தடவையில் சரியாக ஓடிவிட்டதா?

எங்கே! 1903 பிப்ரவரி 12-ல் முதல் ஓட்டம். மறுநாளே பேரிங் இறுகிப்போய் கிராங்க் கேஸ் உடைந்தது. புது வார்ப்படம் வந்து சேர ஏப்ரல் ஆகிவிட்டது. கிட்டி ஹாக்கில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுகள் கெட்டுப்போய் டேட்டனுக்குத் திரும்பி வந்தன. டெய்லர் சரிசெய்து அனுப்பினார். அடுத்து ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) கழன்றுகொண்டே இருந்தது. என்னதான் முறுக்கினாலும் நிற்கவில்லை. கடைசியில் சைக்கிள் டயர் ஒட்டும் பசையைக் காய்ச்சி ஊற்றினார்கள், நின்றுவிட்டது. நவம்பர் கடைசியில் ஷாஃப்ட்டில் மறுபடி விரிசல். ஆர்வில் டேட்டனுக்கு ஓடிப்போய் கெட்டி எஃகில் புதிதாகச் செய்து எடுத்துக்கொண்டு டிசம்பர் 11-ல் திரும்பினார். 17-ஆம் தேதி பறந்தார்கள். டெய்லர் அங்கே இல்லை, கடையில் இருந்தார்.

கேள்வி: அவர் விமானம் ஓட்டக் கற்றாரா?

இல்லை. ஆசை இருந்தது, ரைட் சகோதரர்கள் விடவில்லை.

கேள்வி: பணமாவது சம்பாதித்தாரா?

கொஞ்ச காலம். 1911-ல் கால் ராட்ஜர்ஸ் என்ற விமானி அமெரிக்காவைக் குறுக்காகப் பறந்தபோது, வாரம் 70 டாலரும் செலவும் தருவதாகச் சொல்லி இவரை மெக்கானிக்காக அழைத்துக்கொண்டார். ரைட் சகோதரர்கள் அப்போது கொடுத்தது 25. பிறகு திரும்பிவந்து ஆர்விலோடு வேலை பார்த்தார். 1928-ல் கலிஃபோர்னியா போய் நிலத்தில் பணத்தைப் போட்டுத் தொலைத்தார். 1937-ல் ஹென்றி ஃபோர்டு ரைட் கடையைத் தன் அருங்காட்சியகத்தில் மறுபடி நிறுவ ஆள் தேடியபோது, இவர் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு விமானத் தொழிற்சாலையில் மணிக்கு 37 சென்ட் கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தார். கூட வேலை பார்த்தவர்களுக்கு இவர் யாரென்றே தெரியாது.

ஆர்வில் தன் உயிலில் வருடம் 800 டாலர் எழுதிவைத்தார். 1955-ல் ஒரு நிருபர் இவரை ஏழைகளுக்கான மருத்துவமனை வார்டில் கண்டுபிடித்து எழுதிய பிறகுதான் விமானத் தொழில்துறையினர் பணம் திரட்டித் தனியார் இல்லத்துக்கு மாற்றினார்கள். சில மாதங்கள்தான். 1956 ஜனவரி 30-ல் இறந்தார், வயது 87. ஆர்வில் இறந்ததும் ஒரு ஜனவரி 30-தான், 1948-ல்.

கேள்வி: வாஷிங்டன் மியூசியத்தில் இருப்பது அதே எஞ்சினா?

முழுக்க அதே எஞ்சின் இல்லை. அந்த டிசம்பர் 17-ல் நாலாவது தடவை பறந்து இறங்கிய பிறகு காற்று விமானத்தைப் புரட்டிப்போட்டதில் கிராங்க் கேஸ் உடைந்தது. 1906-ல் நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பிய கிராங்க் ஷாஃப்ட்டும் ஃபிளைவீலும் திரும்பி வரவேயில்லை. பின்னாளில் 1904 எஞ்சினின் பாகங்களைச் சேர்த்துத்தான் மறுபடி பூட்டினார்கள். உளியால் தட்டி எடுத்த அந்த ஷாஃப்ட்டைப் பார்க்க நினைத்து அங்கே போனால் ஏமாற்றம்தான்.