கனடாவில் சினிமா: டிப்ளமோவுக்குப் பணம் கட்டும் முன்பு

தம்பி, நீங்கள் கேட்டது இது: பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்து டொராண்டோ வந்து மூன்று மாதம் ஆகிறது, ஊரில் இன்ஜினியரிங் முடித்திருக்கிறீர்கள், நண்பர்களோடு நாலைந்து குறும்படம் எடுத்து எடிட்டும் செய்திருக்கிறீர்கள், இங்கே ஒரு தனியார் திரைப்படப் பள்ளியில் ஒரு வருட டிப்ளமோவுக்கு முன்பணம் கேட்கிறார்கள், கட்டலாமா, கட்டினால் வேலை கிடைக்குமா? என் பதில், இப்போது கட்டாதீர்கள். சினிமாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் இங்கே பதினைந்து வருடத்துக்கு மேலாக லைட்டிங் பிரிவில் இருக்கிறேன், அதில்தான் குடும்பம் நடக்கிறது, இந்த வேலையை எனக்கு மிகவும் பிடிக்கும். அதனால்தான் சொல்கிறேன்.

வந்த புதிதில் நானும் அப்படி ஒரு இடத்தில் கட்டினேன். பெயர் வேண்டாம். இருபது பேருக்கு ஒரு நல்ல கேமரா, முறை வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். ஆசிரியர்கள் நல்லவர்கள், கற்றுக்கொள்ளவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சான்றிதழை இன்றுவரை ஒரு செட்டில்கூட யாரும் கேட்டதில்லை. எனக்கு முதல் வேலை கிடைத்தது லைட் வாடகைக்கு விடும் ஒரு கிடங்கில். கேபிள் சுற்றி வைப்பது, திரும்பி வந்த விளக்குகளைச் சோதிப்பது, லாரியில் ஏற்றுவது, இவ்வளவுதான் வேலை. ஆனால் எந்த விளக்கு எதற்கு, என்ன கனெக்டர், எவ்வளவு ஆம்பியர் தாங்கும் என்று எல்லாம் கைக்கு வந்தது அங்கேதான். பொருள் எடுக்க வரும் ஆட்களோடு பேசிப் பழகியதில், ஒருநாள் ஆள் குறைகிறது வருகிறாயா என்று ஒருவர் கேட்டார். அப்படித்தான் உள்ளே வந்தேன்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், நம் ஊரில் இருந்து வருகிறவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இது. நம் ஊரில் இயக்குநர் ஆக வேண்டும் என்றால் ஒருவரிடம் உதவி இயக்குநராகச் சேர்கிறோம், கதை விவாதத்தில் உட்காருகிறோம், நாலைந்து வருடம் கழித்துத் தனியாகப் படம் பண்ணுகிறோம். இங்கே அசிஸ்டென்ட் டைரக்டர் என்பது முற்றிலும் வேறு தொழில். ஷெட்யூல் போடுவது, கால்ஷீட் (அன்றன்று யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்ற தாள்) தயாரிப்பது, செட்டைப் பாதுகாப்பாகவும் நேரத்துக்கும் ஓட்டுவது, இதுதான் அவர்கள் வேலை. மூன்றாவது, இரண்டாவது, முதல் ஏ.டி. என்று ஏறிப் போவார்கள், அங்கிருந்து பெரும்பாலும் புரொடக்‌ஷன் மேனேஜர் பக்கம் நகர்வார்கள். கதை பேசும் இடத்தில் அவர்கள் இருக்க மாட்டார்கள். இயக்குநர் ஆக நினைப்பவர் இங்கே தன் குறும்படத்தை எடுத்து, விழாவுக்கு அனுப்பி, அதைக் காட்டி மானியம் கேட்டு அடுத்ததை எடுக்கிறார். பி.ஆர். உள்ளவர்கள் கலைஞர்களுக்கு மானியம் தரும் அரசு அமைப்புகளான கனடா கவுன்சில், ஒன்டாரியோ ஆர்ட்ஸ் கவுன்சில் இரண்டிலும் விண்ணப்பிக்கலாம். அதனால் செட்டில் ஒரு தொழில்நுட்ப ஆளாகச் சம்பாதிக்க வேண்டுமா, சொந்தக் கதை சொல்ல வேண்டுமா என்று முதலில் முடிவு பண்ணுங்கள். இரண்டும் வேண்டும் என்றாலும் சரி, ஆனால் இரண்டுக்கும் வழி தனித்தனி.

செட் வேலை என்றால் யூனியன்தான் எல்லாம். சென்னையில் ஃபெப்சி இருப்பது போல இங்கே பிரிவுக்கு ஒன்று. லைட், கிரிப் (கேமரா, விளக்குகளுக்கான தாங்கிகளைப் பொருத்துபவர்கள்), செட் அலங்காரம், மேக்கப், உடை எல்லாம் ஐயாட்சி 873 அல்லது நாபெட் 700 என்ற யூனியன்கள், எண் கிளையைக் குறிக்கும். கேமரா ஆட்கள் ஐயாட்சி 667. ஏ.டி.க்களும் எடிட்டிங் ஆட்களும் டைரக்டர்ஸ் கில்ட் ஆஃப் கனடா. கவனியுங்கள், உங்கள் எடிட்டிங்கும் அந்த கில்டில்தான் வருகிறது. உடனே உறுப்பினர் ஆக முடியாது. என் பிரிவில் பெர்மிட்டி என்று ஒரு நிலை இருக்கிறது, உறுப்பினர்கள் எல்லோரும் வேலையில் இருக்கும்போது அடுத்ததாக உங்களைக் கூப்பிடுவார்கள், அப்படி நாட்களைச் சேர்த்து மேலே வர வேண்டும். ஒவ்வொரு யூனியனின் தளத்திலும் நுழைவு நிபந்தனை எழுதியிருக்கும். டிப்ளமோ அட்டவணையைப் படிப்பதற்கு முன்பு அதைப் படியுங்கள், என்ன கற்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

எடிட்டிங்கில் நீங்கள் நேராக எடிட்டர் நாற்காலியில் உட்காரப் போவதில்லை, அசிஸ்டென்டாகத்தான் ஆரம்பம். எடுத்த காட்சிகளை வாங்கிப் பிரதி வைப்பது, ஒலியோடு சிங்க் செய்வது, பின்களில் (எடிட்டிங் மென்பொருளின் கோப்புறைகளில்) ஒழுங்காக அடுக்குவது, சவுண்டுக்கும் கலருக்கும் சரியான ஃபைலை அனுப்புவது. ஒரு பெயர் மாறினால் பத்துப் பேருக்கு அரைநாள் போய்விடும். இன்ஜினியரிங் படித்தவருக்கு இந்த ஒழுங்கு இயல்பாக வரும், அது உண்மையிலேயே உங்கள் பலம். பிரீமியர் மென்பொருளில் வேலை பார்த்திருப்பீர்கள், பெரிய தொடர்களில் ஏவிட் மீடியா கம்போஸர் என்ற மென்பொருள்தான் ஓடுகிறது, அதை உடனே கற்கத் தொடங்குங்கள்.

படித்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் அரசுக் கல்லூரிகளைப் பாருங்கள். பி.ஆர். என்பதால் உங்களுக்கு உள்ளூர்க் கட்டணம், வெளிநாட்டு மாணவர் கட்டுவதில் ஒரு சிறு பங்குதான். ஓசாப் என்ற ஒன்டாரியோ அரசின் மாணவர் கடனுதவிக்கும் பி.ஆர். விண்ணப்பிக்கலாம், ஒன்டாரியோ வசிப்பு நிபந்தனையைக் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் கேளுங்கள். ஷெரிடன், ஹம்பர், யார்க், டொராண்டோ மெட்ரோபாலிட்டன் எல்லாவற்றிலும் நாலு வருடப் பட்டம் இருக்கிறது, ஆனால் ஏற்கெனவே பட்டம் உள்ளவர் இன்னும் நாலு வருடம் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பட்டதாரிகளுக்கான ஒரு வருடச் சான்றிதழ்ப் படிப்பு போதும். 2024க்குப் பிறகு கல்லூரிகள் பல படிப்புகளை நிறுத்திவிட்டன, அதனால் பழைய பட்டியலை நம்பாமல் இந்த வருடம் நடக்கிறதா என்று விசாரியுங்கள். கனடிய இயக்குநர் நார்மன் ஜூவிசன் 1988இல் தொடங்கிய கனடியன் ஃபிலிம் சென்டர் பெரிய பெயர் உள்ள இடம், ஆனால் அது கொஞ்சம் படைப்புகள் கையில் உள்ளவர்களுக்கு, இன்னும் சில வருடம் கழித்து யோசியுங்கள். இப்போதைக்கு லிஃப்ட் என்று 1981 முதல் இருக்கும் தனியாகப் படம் எடுப்பவர்களின் சங்கத்தில் சேருங்கள். பட்டறைகள் நடக்கும், உறுப்பினருக்குக் கேமராவும் எடிட் அறையும் குறைந்த வாடகையில் கிடைக்கும், முக்கியமாக ஆட்கள் கிடைப்பார்கள்.

உங்கள் தம்பியும் சினிமா படிக்க ஸ்டடி பெர்மிட்டில் வர நினைக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அவனிடம் கட்டாயம் சொல்லுங்கள்: 2024 நவம்பர் 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு, கல்லூரி டிப்ளமோவுக்குப் பிறகு வேலை அனுமதி கிடைக்க அந்தப் படிப்பு அரசு குறித்த துறைகளில் இருக்க வேண்டும், சினிமா அதில் இல்லை. பட்டப்படிப்புக்கும் முதுகலைக்கும் இந்தத் துறைக் கட்டுப்பாடு கிடையாது. இதைச் சொல்லாமல் சீட் விற்கும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள், வீட்டை அடகு வைத்து வந்தபின் அழும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனது தாங்காது.

பண விஷயமும் சொல்ல வேண்டும். இங்கே நடக்கும் பெரிய படப்பிடிப்புகளில் பாதிக்கு மேல் அமெரிக்கப் பணம். 2023இல் அங்கே எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது இங்கே எங்களுக்கும் மாதக்கணக்கில் வேலை இல்லை. குளிர்காலத்தில் எப்படியும் மந்தம்தான். ஆறு மாதச் செலவு கையில் சேரும்வரை ஒரு ஐ.டி. வேலையில் இருங்கள், வார இறுதியில் மாணவர் படங்களுக்கு எடிட் செய்து கொடுங்கள், அதை யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

செட்டில் ஏற நினைத்தால் ஒன்டாரியோ அரசின் தொழிலாளர் பாதுகாப்புப் பயிற்சி இணையத்தில் இலவசம், ஒரு மணி நேரத்தில் முடியும், இன்றைக்கே முடித்துவிடுங்கள். அப்புறம் லைசென்ஸ். காலை ஐந்து மணிக்குக் கால் டைம் என்றால் துறைமுகப் பக்கம் இருக்கும் ஸ்டூடியோவுக்குப் பஸ்ஸை நம்பிப் போக முடியாது. ஊரில் கார் ஓட்டிய அனுபவத்துக்கு ஆர்.டி.ஓ. விவரச் சான்று வரவழைத்து, முறையாக அத்தாட்சி பெற்றுக் காட்டினால், ஜி1 என்ற முதல்நிலை லைசென்ஸுக்கான எழுத்துத் தேர்வு முடிந்ததும் காத்திருக்காமல் ரோடு டெஸ்ட் கொடுக்கலாம். அந்தச் சான்று வரத்தான் நாள் ஆகும், அப்பாவிடம் இந்த வாரமே சொல்லி வையுங்கள்.