குடுவையில் ஒரு பெயர், உள்ளே வேறு செல்: எப்படி?

புற்றுநோய்ச் செல்கள் ஆய்வுக்கூடத்திலேயே ஆள் மாறிப்போவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். திரவத்தை உறிஞ்சி எடுக்கும் பிப்பெட்டை மாற்றாமல் இரண்டு குடுவைக்கும் பயன்படுத்தினாலே போதும்.

இப்படிப் புகுந்துவிடும் ஹீலா செல்கள் 1951இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கர்ப்பப்பை வாய்ப் புற்றிலிருந்து வந்தவை. ஏறக்குறைய ஒரே நாளில் இரட்டிப்பாகும். ஒரு துளி தெறித்து விழுந்தால் போதும், ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். பெயர்ச்சீட்டு மட்டும் பழையபடியே இருக்கும்!

1966இல் மரபியலாளர் ஸ்டான்லி கார்ட்லர் இதை அம்பலமாக்கினார். வெவ்வேறு பெயரில் இருந்த 18 செல் வரிசைகளிலும் (ஒரே மூலத்திலிருந்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்துவரும் செல்கள்) ஒரே நொதி வகை. அது பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படுவது; வெள்ளையரிடமிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட வரிசைகளிலும் அதே வகை. அதாவது உள்ளே புகுந்திருந்தது ஹீலா. குரல்வளைப் புற்று என்று நம்பப்பட்ட ஹெப்-2 வரிசைகூட ஹீலாதான்.

இப்போது டிஎன்ஏ சோதனையில் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். செய்து பார்க்கத்தான் பலருக்குச் சோம்பல்.