350 மில்லியனும் 4,300 பவுண்டும்

அன்புள்ள சார்,

பிரெக்ஸிட், அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறியது பற்றிய உங்கள் குறிப்பில் ‘பிரிட்டன் இன்னும் அதற்கான விலையைக் கட்டிக்கொண்டிருக்கிறது’ என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது எனக்கு உறுத்தியது. 2016இல் நிபுணர்கள் என்ன சொன்னார்கள்? வெளியேற ஓட்டுப் போட்டால் உடனே பொருளாதாரம் சரியும், லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை போகும் என்றார்கள். எதுவும் நடக்கவில்லை. இப்போது அதே ஆட்கள் ‘பொருளாதாரத்தில் 4 சதவீதம் போய்விட்டது’ என்கிறார்கள். பிரியாமல் இருந்திருந்தால் பிரிட்டன் எப்படி இருந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நடுவில் கோவிட் வந்தது, உக்ரைன் போர் வந்தது. நடக்காத ஒன்றோடு ஒப்பிட்டு நஷ்டக்கணக்கு போடுவதற்கும் ஜோசியத்துக்கும் என்ன வித்தியாசம்? அப்புறம் ஒரு சின்ன சந்தேகம்: பிரிட்டனுக்கு முன்பு யாருமே அந்த அமைப்பைவிட்டு வெளியேறியதில்லையா?

ராகவன்

*

அன்புள்ள ராகவன்,

உங்கள் கடிதத்தில் பாதி நியாயம். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு சண்டைக்கு வருகிறேன்.

2016 மே மாதம் பிரிட்டன் நிதியமைச்சகம் ஓர் அறிக்கை விட்டது. வெளியேறும் முடிவு வந்தால் ஓராண்டுக்குள் மந்தநிலை, வேலையில்லாதோர் எண்ணிக்கையில் கூடுதலாக 5 லட்சம் பேர் என்று அதில் இருந்தது. நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அதோடு நிற்கவில்லை. வாக்கெடுப்புக்கு எட்டு நாள் இருக்கும்போது, 30 பில்லியன் பவுண்டுக்கு வரி உயர்வும் செலவுக் குறைப்புமாக அவசர பட்ஜெட் போட வேண்டிவரும் என்று மிரட்டினார். ஜூன் 23 அன்று 51.9 சதவீதம் பேர் வெளியேறலாம் என்று ஓட்டுப் போட்டார்கள். அன்றிரவே டாலருக்கு எதிராகப் பவுண்டு 1985க்குப் பிறகு காணாத அளவுக்கு விழுந்தது. சொன்னபடி நடந்தது அது ஒன்றுதான். மக்கள் வழக்கம்போலக் கடைக்குப் போனார்கள், அடுத்த இரண்டு வருஷத்தில் வேலையின்மை குறைந்தது, அவசர பட்ஜெட் வரவே இல்லை. நானே ஒரு நண்பரிடம் ‘வருஷக் கடைசிக்குள் பார்’ என்று பந்தயம் கட்டித் தோற்றேன்.

ஏன் பிசகியது? அந்தக் கணிப்பு வர்த்தகத்தைப் பற்றியதே இல்லை, மனநிலையைப் பற்றியது. எதிர்காலத்தில் வருமானம் குறையும் என்று பயந்து மக்கள் இன்றைக்கே செலவைச் சுருக்குவார்கள், கம்பெனிகள் முதலீட்டை நிறுத்தும் என்று எடுத்துக்கொண்டார்கள். விரும்பி ஓட்டுப் போட்டவர் எதற்குப் பயப்படப் போகிறார்? முதலீடு பிற்பாடு தேங்கியது வேறு கதை. அந்நாட்டு மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்து ஆகஸ்டிலேயே வட்டியை 0.25 சதவீதத்துக்கு இறக்கிக் கைகொடுத்தது. இதையெல்லாம்விட முக்கியம், 2016இல் பிரிட்டன் எதைவிட்டும் வெளியேறவில்லை. சட்டப்படி விலகியது 2020 ஜனவரி 31. பழைய விதிகள் உண்மையில் முடிந்தது அந்த டிசம்பர் 31. வீட்டைக் காலி செய்கிறேன் என்று சொன்னதற்கும் சாமான் ஏற்றியதற்கும் நடுவே நாலரை வருஷம்.

ஆனால் இதே நிபுணர்கள் இன்னொரு கணிப்பும் சொன்னார்கள். அது உடனடிச் சரிவைப் பற்றியதல்ல, பத்துப் பதினைந்து வருஷத்தில் மெல்ல ஏறும் நஷ்டத்தைப் பற்றியது. அதன் அடிப்படை பழையது. டச்சுப் பொருளியலாளர் யான் டின்பெர்கன் 1962இல் சொன்னதுதான்: இரு நாடுகளுக்கிடையே வர்த்தகம் அவற்றின் பொருளாதார அளவைப் பொறுத்துக் கூடும், தூரத்தைப் பொறுத்துக் குறையும். நியூட்டனின் ஈர்ப்பு விதி மாதிரி. இவ்வளவு எளிமையான ஒன்று பலிக்குமா என்று தோன்றும். பலிக்கிறது. வாக்கெடுப்பு நடந்த சமயத்தில் பிரிட்டன், 140 கோடிப் பேர் இருக்கும் சீனாவுக்கு விற்றதைவிட, 50 லட்சம் பேர்கூட இல்லாத பக்கத்து அயர்லாந்துக்கு அதிகமாக விற்றது.

இங்கே தூரம் என்பது மைல் கணக்கு மட்டுமல்ல, காகிதமும் தூரம்தான். ‘சுங்க வரி பூஜ்யம் என்று 2020 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஒப்பந்தம் முடித்துவிட்டார்களே’ என்று பலர் கேட்கிறார்கள். முடித்தார்கள். அடுத்த மாதமே நெதர்லாந்தின் ஹூக் ஆஃப் ஹாலந்து துறைமுகத்தில் நடந்ததை டச்சுத் தொலைக்காட்சி காட்டியது. பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய ஓட்டுநர்களிடம் சாண்ட்விச்சை வாங்கி எடுத்து வைக்கிறார்கள். ஒருவர் ‘இறைச்சியை எடுத்துக்கொள்ளுங்கள், ரொட்டியையாவது வைத்துக்கொள்ளலாமா?’ என்று கேட்கிறார். முடியாது, எல்லாம் பறிமுதல். ‘பிரெக்ஸிட்டுக்கு வரவேற்கிறோம் சார், மன்னிக்கணும்’ என்கிறார் சுங்க அதிகாரி. அதில் வன்மம் ஒன்றும் இல்லை. வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பாலும் கையில் கொண்டுவரக் கூடாது என்பது பழைய விதி. பிரிட்டன் இப்போது வெளிநாடு, அவ்வளவுதான்.

சாண்ட்விச் போகட்டும், லாரிக்கு வருவோம். பல சின்னக் கம்பெனிகளின் சரக்கை ஒரே லாரியில் சேர்த்து அனுப்புவது வழக்கம். இப்போது அதில் பாலாடைக்கட்டி, மீன், இறைச்சி எது இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். ஒருவருடைய பெட்டிக்குக் காகிதத்தில் ஒரு பிழை என்றால் லாரி மொத்தமும் நிற்கும். பெரிய கம்பெனி சுங்க வேலைக்கென்று நாலு ஆள் போட்டுச் சமாளித்துவிடும். வருஷத்துக்குச் சில நூறு பெட்டி அனுப்பியவர் ‘போதும்பா’ என்று விட்டுவிடுவார். பூஜ்ய வரியும் பிரிட்டனில் தயாரான பொருளுக்குத்தான். ஆசியாவில் தைத்த சட்டையை பிரிட்டன் கிடங்குக்குக் கொண்டுவந்து அங்கிருந்து அயர்லாந்தின் டப்ளின் கடைக்கு அனுப்பினால் வரி உண்டு.

சரி, அளப்பது எப்படி? இங்கே என் தரப்பு ஆட்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. நீங்கள் சொன்ன 4 சதவீதம், பிரிட்டன் அரசுக்குப் பொருளாதாரக் கணிப்புகள் போட்டுத்தரும் பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் என்கிற ஓபிஆர் தன் கணக்குகளில் வைத்திருப்பது. ஒன்றியத்தில் இருந்திருந்தால் எட்டியிருக்கும் உற்பத்தித் திறனைவிட நீண்டகாலத்தில் 4 சதவீதம் குறைவாக இருக்கும் என்கிறது அது. ஆனால் அது அளந்து கண்ட எண் இல்லை. வெளியே பலர் செய்த ஆய்வுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்து வைத்துக்கொண்ட அனுமானம். அந்த அனுமானத்துக்கு ஏற்ற மாதிரிதான் ஏற்றுமதி, இறக்குமதி போகிறதா என்று அவ்வப்போது பார்க்கிறார்கள். ஆகவே ‘4 சதவீத நஷ்டம் நிரூபணமாகிவிட்டது’ என்று எழுதுபவர்கள் அந்த அறிக்கையைப் படிக்காதவர்கள்.

உண்மையில் அளக்கப் பார்த்தவர்கள் வேறு. ஜான் ஸ்பிரிங்ஃபோர்டு என்பவர் ஒரு நகல் பிரிட்டனைச் செய்தார். 2016க்கு முன்பு எந்தெந்த நாடுகளை எந்த விகிதத்தில் கலந்தால் பிரிட்டனின் வளர்ச்சி அப்படியே கிடைக்கிறது என்று கணினியைத் தேடச் சொல்வது, பிறகு அதே கலவை 2016க்குப் பின் எப்படிப் போனது என்று பார்ப்பது. 2022 நடுவில் அசல் பிரிட்டன் நகலைவிட 5.5 சதவீதம் பின்தங்கியிருந்தது. கோவிட்டுக்கு இதில் ஓரளவு பதில் இருக்கிறது, கலவையில் உள்ள நாடுகளுக்கும் கோவிட் வந்ததல்லவா? போருக்குப் பதில் அவ்வளவு சுத்தமாக இல்லை. எரிவாயு விலை ஏறியபோது பிரிட்டன் பட்ட அடியும் அமெரிக்கா பட்ட அடியும் ஒன்றல்ல, கலவையில் அமெரிக்கா இருக்கிறது. ஆகவே 5.5 என்ற எண்ணை நான் நம்புவதில்லை, திசையை நம்புகிறேன். மறுதட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெளியே வந்ததால் போட முடிந்த ஒப்பந்தங்களுக்கு பிரிட்டன் அரசே போட்ட மதிப்பீடு: ஆஸ்திரேலியா, ஜிடிபியில் (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில்) 0.08 சதவீதம். நியூசிலாந்து, 0.03. 2025 ஜூலையில் இந்தியாவோடு கையெழுத்தானது அவற்றையெல்லாம்விடப் பெரியது, 0.13. இதுபோல எத்தனை சேர்ந்தால் ஒரு சதவீதம் வரும்?

வெளியேறும் தரப்புக்கு நல்ல பொருளாதார வாதமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒன்று இருந்தது. பொருளியலாளர் ஜேக்கப் வைனர் 1950இலேயே எழுதினார்: வர்த்தகக் கூட்டமைப்பு உள்ளே கதவைத் திறக்கிறது, அதே கையால் வெளியே சுவர் எழுப்புகிறது. 1973இல் பிரிட்டன் உள்ளே போனபோது நியூசிலாந்தின் மலிவு வெண்ணெயும் ஆட்டிறைச்சியும் சுவருக்கு வெளியே நின்றன. பக்கத்து நாட்டின் விலை கூடிய சரக்கை வாங்க வேண்டிவந்தது. இதைப் பிடித்துக்கொண்டு பேட்ரிக் மின்ஃபோர்டு என்ற பேராசிரியர், வெளியே வந்து எல்லா நாட்டுக்கும் வரியை ஒருதலையாக நீக்கிவிட்டால் ஜிடிபி 4 சதவீதம் கூடும் என்று கணக்கு காட்டினார். பாடப்புத்தகத்துக்கு ஒத்துவரும் கணக்கு. அப்படிச் செய்தால் உற்பத்தித் தொழில் பெரும்பாலும் ஒழிந்துபோகும், அதற்காகப் பயப்பட வேண்டாம் என்றும் அவரே எழுதினார்! நேர்மையான மனிதர்.

இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள சண்டர்லேண்டில் நிசான் கார் ஆலை 1986இல் திறந்தது. அங்கிருந்து ஐரோப்பா முழுக்க விற்கலாம் என்று சொல்லித்தான் அப்போதைய பிரதமர் தாட்சர் ஜப்பானியர்களை அழைத்தார். அந்த ஊர் 61 சதவீதம் வெளியேற ஓட்டுப் போட்டது. மின்ஃபோர்டின் பிரெக்ஸிட்டை அங்கே மேடை போட்டு விளக்கியிருந்தால் எத்தனை ஓட்டு விழுந்திருக்கும்? சுவரை இடிக்க வந்தவர்களும் சுவரை உயர்த்தச் சொன்னவர்களும் ஒரே பேருந்தில் ஏறினார்கள். பேருந்து என்றது வெறும் உவமை அல்ல, வெளியேறும் தரப்பு பிரச்சாரத்துக்கு ஓட்டிய சிவப்புப் பேருந்து. அதில் எழுதியிருந்தது, ‘ஐரோப்பாவுக்கு வாரம் 350 மில்லியன் பவுண்டு அனுப்புகிறோம்.’ பிரிட்டன் கட்ட வேண்டிய பங்கில் 1984இல் தாட்சர் சண்டை போட்டு வாங்கிய தள்ளுபடியைக் கழிக்காத எண் அது. கழித்தால் சுமார் 250. விவசாய மானியமாகவும் மற்றதாகவும் திரும்பி வந்ததையும் கழித்தால் இன்னும் குறைவு. எதிர்த்தரப்பு யோக்கியமா? ‘ஒவ்வொரு குடும்பத்துக்கும் வருஷம் 4,300 பவுண்டு நஷ்டம்’ என்றது நிதியமைச்சகம். 2030இல் ஜிடிபி எவ்வளவு குறைவாக இருக்கும் என்று பார்த்து, அதைக் குடும்ப எண்ணிக்கையால் வகுத்துவிட்டார்கள். ஜிடிபி முழுக்கக் குடும்பங்களின் சம்பளக் கவரில் வருவதில்லை. கேட்டவர்களுக்கோ தன் பையிலிருந்து யாரோ 4,300 எடுக்கப் போவதாகப் பட்டது. இரண்டு எண்ணும் ஒரே பட்டறையில் அடித்தவை.

வாக்கெடுப்புக்கு முன்பு நியூகாசிலில் ஒரு கூட்டம். பேராசிரியர் ஆனந்த் மேனன், வெளியேறினால் ஜிடிபி குறையும் என்கிறார். கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல்: ‘அது உங்க ஜிடிபி, எங்களுது இல்ல.’ அந்தப் பிரச்சாரம் முழுவதிலும் ஆகச் சிறந்த பொருளாதார வாதம் இதுதான் என்று நினைக்கிறேன். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு விலைவாசி போக மிஞ்சும் சம்பளம் பழைய இடத்துக்கே வரவில்லை, வளர்ச்சி லண்டனைச் சுற்றியே நின்றது. எடுத்துக்கொள்ள எதுவும் இல்லாதவரிடம் ‘இழப்பாய்’ என்று மிரட்டினால் இந்தப் பதில்தான் வரும்.

சோகம் என்னவென்றால் அடி போய் விழுந்த இடம். லண்டன் நிதித்துறை காலியாகிவிடும் என்றார்கள். 2021 ஜனவரியில் பங்கு வியாபாரத்தில் ஆம்ஸ்டர்டாம் முந்தியது உண்மைதான், ஆனால் வங்கிகள் கொஞ்சம் ஆளை இடம் மாற்றிவிட்டுப் பிழைத்துக்கொண்டன. சேவை ஏற்றுமதி எதிர்பார்த்ததைவிட நன்றாகவே போகிறது. மாட்டியவர்கள் சரக்கு அனுப்புபவர்கள். ‘பி’ தரம் என்று வகுத்த கடற்பகுதிகளில் எடுக்கும் மட்டியையும் சிப்பியையும் முன்பு உயிரோடு அக்கரைக்கு அனுப்பி அங்கே சுத்திகரிப்பார்கள். 2021லிருந்து சுத்திகரிக்காமல் அனுப்ப முடியாது. வங்கிக்காரர் தப்பித்தார், மட்டிக்காரர் மாட்டினார். நியூகாசில் பெண்மணியின் ஜிடிபி எது என்று கேட்டால் எனக்கு இரண்டாவதுதான் நினைவுக்கு வருகிறது.

என் வரியை மாற்றப் போவதில்லை. எவ்வளவு என்று எழுதியிருந்தால் நீங்கள் சட்டையைப் பிடித்திருக்கலாம்.

உங்கள் கடைசி சந்தேகத்துக்கு: உண்டு, கிரீன்லாந்து. டென்மார்க்கோடு சேர்ந்து 1973இல் உள்ளே போனது, தன் மக்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டிருந்தும். 1982 பிப்ரவரியில் தனி வாக்கெடுப்பு வைத்து விலகுவதென்று முடிவெடுத்தார்கள். காரணம் மீன். பேச்சுவார்த்தையும் பெரும்பாலும் மீனைப் பற்றித்தான்: எங்கள் கடலில் நீங்கள் பிடிக்கலாம், எங்கள் மீனை வரியில்லாமல் உங்கள் சந்தைக்குள் விடுங்கள். ஐம்பதாயிரம் பேர், பேசுவதற்குக் கிட்டத்தட்ட ஒரே சரக்கு. 1985 பிப்ரவரியில்தான் வெளியே வர முடிந்தது.