வாசகர் கேள்வி – பதில்: கிராண்ட் டூர் பாதையில் படிப்பு

கேள்வி: எனது மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகக் கற்று இறுதியாண்டில் இருக்கிறாள். முற்கால ஆங்கிலேயப் பிரபுக்களின் பிள்ளைகள் கல்விக்காகச் சென்ற ‘கிராண்ட் டூர்’ பாதையில், பாரிஸிலிருந்து நேப்பிள்ஸ் வரை ஐந்து கிழமைகள் அழைத்துச் சென்று சான்றிதழும் தருவதாக ஒரு முகவர் கூறுகிறார். வயலில் ஒரு பகுதியை ஈடுவைத்தால்தான் கட்டணம் கட்டலாம். அனுப்பலாமா?
— தந்தை ஒருவர், மாங்குளம்

பதில்: வயலை ஈடுவைக்க வேண்டாம், மகளின் ஆர்வத்தையும் தடுக்க வேண்டாம். முகவர் விற்பது பாதையை மட்டுமே. அந்தப் பயணத்தைக் கல்வியாக்கியவை வேறு.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பிரெஞ்சுப் புரட்சிப் போர்கள் வழியை அடைக்கும் வரை, இங்கிலாந்தின் செல்வந்தர் வீட்டு இளைஞர்கள் டோவரில் கப்பலேறிக் கலேயில் இறங்கி, பாரிஸில் மாதக்கணக்கில் தங்கிப் பிரெஞ்சும் வாள்வீச்சும் குதிரையேற்றமும் பயின்று, ஆல்ப்ஸ் மலையைக் கடந்து டூரின், புளோரன்ஸ், உரோம், நேப்பிள்ஸ் என்று சென்றார்கள். மொன் செனி கணவாயில் வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் கோவேறு கழுதைகளில் ஏற்றுவார்கள். பயணியை நாற்காலியில் இருத்தி மலைவாசிகள் சுமந்து செல்வார்கள். பலர் இப்படி இரண்டு மூன்று ஆண்டுகள் சுற்றினார்கள், கூடவே சம்பளத்துக்கு ஓர் ஆசானும் போவார். அடம் சிமித் 1764இல் கிளாஸ்கோப் பேராசிரியர் பதவியை விட்டு, ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு 300 பவுண் என்ற ஏற்பாட்டில் ஓர் இளம் பிரபுவுடன் பிரான்சுக்குச் சென்றார். அதே சிமித்தான், பதினேழு பதினெட்டு வயதில் இப்படி அனுப்பப்படும் பிள்ளைகள் முன்னிலும் செருக்கோடும் ஒழுக்கக்கேட்டோடும் திரும்புகிறார்கள் என்று 1776இல் வெளியான தமது பொருளியல் நூலில் எழுதினார். அருகிலிருந்து பார்த்தவரின் சொல் என்பதால் அதைப் புறக்கணிக்க முடியாது.

அதே பாதையில் போய் உண்மையில் பயன்பெற்றவர் ஆங்கில வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன். 1764 ஒக்டோபர் 15ஆம் நாள் உரோமின் கபிடோல் குன்றின் இடிபாடுகளிடையே அமர்ந்திருந்தபோதுதான் அந்நகரின் வீழ்ச்சியை எழுதும் எண்ணம் தமக்குத் தோன்றியதாக அவர் பின்னாளில் எழுதினார். பலரும் இந்தக் காட்சியைச் சொல்வார்கள். அதற்கு முந்தியதைச் சொல்வதில்லை. இத்தாலிக்குள் நுழையுமுன் அவர் சுவிஸின் லோசான் நகரில் மாதக்கணக்கில் இருந்து, பழைய இத்தாலியின் ஊர்களையும் ஆறுகளையும் வீதிகளையும் இலத்தீன் நூல்களிலிருந்து குறிப்பெடுத்திருந்தார். கல்லைப் பார்க்குமுன் அதைப் பற்றி அறிந்திருந்ததால்தான் கல் அவரோடு பேசியது. ஐந்து கிழமைச் சான்றிதழில் இதற்கு இடமில்லை.

ஆகவே மகள் பட்டத்தை முடித்து, எராஸ்மஸ் முண்டஸ் என்னும் ஐரோப்பிய ஒன்றியத்தின் கூட்டு முதுகலைப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கட்டும், இறுதியாண்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது இரண்டு நாடுகளில் பயில வேண்டும் என்பதே அதன் விதி. புலமைப்பரிசில் கிடைத்தால் கற்கைக் கட்டணம் இல்லை. மாதம் 1,400 யூரோ வீதம் 24 மாதங்கள் வரை தருவார்கள். போட்டி கடுமையானது. விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கோரப்படுவதால், ஆங்கிலத் தகைமைப் பரீட்சையை இப்போதே எழுதிவிடுவது நல்லது. கிராண்ட் டூர் பாதையை விடுமுறையில், மலிவான ரயிலில், தானே பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: இந்தப் பயணத்தை இலண்டனிலிருந்துதான் தொடங்க வேண்டுமா? விசா எப்படி?
— மாணவி, வவுனியா

பதில்: வேண்டியதில்லை. பிரித்தானியா, ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதிக்குள் இல்லாததால் அதற்கு வேறு விசா, வேறு செலவு. பாரிஸிலிருந்து தொடங்குங்கள்; பிரான்ஸ், சுவிஸ், இத்தாலி மூன்றும் ஷெங்கனுக்குள் அடங்கும். ஒரு நாட்டின் நீண்டகால மாணவர் விசா பெற்றவர், 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை ஏனைய ஷெங்கன் நாடுகளில் தங்கலாம். விண்ணப்பிக்கும்போது, அதற்கு முந்திய வாரம் உறவினரிடம் கைமாற்றாக வாங்கி வங்கியில் போட்ட பெருந்தொகையைக் காட்டாதீர்கள்; எங்களூரில் பலரின் விண்ணப்பம் இடறுவது அங்கேதான். பாரிஸிலுள்ள மாமாவோ சித்தியோ பொறுப்பேற்பதாயின் அவர்களின் வருமானப் பத்திரங்களையும் வதிவிடச் சான்றையும் முறையாக இணையுங்கள். இத்தாலியின் அரச அருங்காட்சியகங்களுக்கும் பொம்பேய்க்கும் மாதத்தின் முதல் ஞாயிறு அனுமதி இலவசம். அன்று கூட்டம் அதிகமாக இருக்கும் என்பதால் காலையிலேயே போய் வரிசையில் நில்லுங்கள்.