பூச்சியை உள்ளே வைத்துப் பூட்டியவர்கள்

கேள்வி: என் மகன் டொராண்டோவின் ஹாக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸ் பைத்தியம். டிக்கெட் விலையைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. 1917-18இல், என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி லீக்கின் முதல் சீசனிலேயே டொராண்டோ, ஹாக்கி சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பையை வென்றது. அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்கள் ஊருக்காக ஆடினார்கள், முதலாளிகளும் விளையாட்டின் மேலிருந்த பிரியத்தில் நடத்தினார்கள். இன்று எல்லாம் காசு. சரிதானே?
– ஒரு வாசகர், ஸ்கார்பரோ, டொராண்டோ

பதில்: டொராண்டோ கோப்பை வென்றது சரி. பிரியம் என்றீர்களே, அதுதான் இடிக்கிறது. அந்த லீக் பிறந்ததே ஓர் ஆள் மேலிருந்த வெறுப்பில்.

அவர் பெயர் எடி லிவிங்ஸ்டன். டொராண்டோ புளூஷர்ட்ஸ் அணியின் முதலாளி. அப்போதிருந்த லீக்கின் பெயர் நேஷனல் ஹாக்கி அசோசியேஷன். அதில் மற்ற முதலாளிகளுக்கு இவரைக் கண்டாலே ஆகாது. எதற்கெடுத்தாலும் சண்டை, எதற்கெடுத்தாலும் வக்கீல். ஆனால் விதிகளின்படி அவரை வெளியேற்ற வழியில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? 1917 நவம்பர் 26 அன்று மான்ட்ரியல் விண்ட்ஸர் ஹோட்டலில் கூடி, பழைய லீக்கைக் கிடப்பில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை ஆரம்பித்தார்கள். ஆட்கள் அதே ஆட்கள். பழையதில் செயலாளராக இருந்த ஃபிராங்க் கால்டர் புதியதில் தலைவர். லிவிங்ஸ்டனுக்கு மட்டும் இடமில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் பூச்சியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனார்கள்.

மான்ட்ரியல் வாண்டரர்ஸ் முதலாளி சாம் லிக்டன்ஹைன் பத்திரிகையாளர் எல்மர் ஃபெர்குசனிடம் சொன்னதாக வழங்கும் விளக்கம் இன்னும் அழகு. லிவிங்ஸ்டனை நாங்கள் துரத்தவே இல்லை, பழைய லீக்கில் அவர் உரிமை அப்படியேதான் இருக்கிறது, நன்றாக இருக்கட்டும். என்ன, அந்த லீக்கில் அவருடைய அணி ஒன்றுதான் இருக்கிறது என்றாராம்.

ஆளை விட்டார்களே தவிர, அவருடைய ஆட்டக்காரர்களை விடவில்லை. மியூச்சுவல் தெருவிலிருந்த ஹாக்கி அரங்கத்தின் கம்பெனி அவர்களைக் குத்தகைக்கு எடுத்து டொராண்டோ அணியாக இறக்கியது. லிவிங்ஸ்டன் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. உங்கள் ஊருக்கு 1918இல் கோப்பை வாங்கிக் கொடுத்தது இந்தக் குத்தகை அணிதான்.

முதல் ஆட்டங்கள் டிசம்பர் 19 அன்று. மான்ட்ரியலில் வாண்டரர்ஸ் டொராண்டோவை 10-9 என்று வென்றது. சீருடையில் வரும் ராணுவ வீரர்களுக்கு இலவச அனுமதி. அப்படியும் வந்தவர்கள் சுமார் 700 பேர். போர்க்காலம், ஆட ஆள் கிடைப்பதே பாடு. கியூபெக் அணி பெயருக்கு லீக்கில் இருந்ததே ஒழிய களமிறங்கவில்லை. அதன் ஆட்டக்காரர்களை மற்றவர்கள் பிரித்துக்கொண்டார்கள். தனக்கு ஆள் போதவில்லை, கொடுக்காவிட்டால் விலகுவேன் என்று லிக்டன்ஹைன் மிரட்டிக்கொண்டிருந்தார். ஜனவரி 2 அன்று அவர் அணி ஆடிவந்த மான்ட்ரியல் அரீனா தீப்பிடித்து எரிந்தது. அதே அரங்கில் ஆடிய கனேடியன்ஸ் அணி ஜூபிலி ரிங்க் என்ற சின்ன அரங்குக்கு மாறி ஆட்டத்தைத் தொடர்ந்தது. லிக்டன்ஹைன் கடையைக் கட்டிவிட்டார். லிவிங்ஸ்டனுக்கு ஓர் அணி லீக் என்று சிரித்தவருக்கு ஆறு வாரத்தில் அதுவும் இல்லை. மிச்ச சீசன் முழுக்க மூன்றே அணிகள்.

ஊருக்காக ஆடியவர்கள் என்றால் ஜோ மலோனைச் சொல்லலாம் என்று பார்த்தேன். கியூபெக்கிலிருந்து கனேடியன்ஸுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டவர். முதல் நாளே 5 கோல், சீசனில் 20 ஆட்டங்களில் 44 கோல். மொத்தக் கணக்கை 1944-45இல் மோரிஸ் ரிஷார் 50 கோல் அடித்துத்தான் தாண்டினார். அதற்கு அவருக்கு 50 ஆட்டங்கள் ஆயின. இப்பேர்ப்பட்ட மலோன் அடுத்த சீசனில் ஆடியது 8 ஆட்டம். கியூபெக்கில் அவருக்கு நிலையான வேலை இருந்தது. ஹாக்கியை நம்பி அதை விட அவர் தயாராக இல்லை. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

காசு என்றதும் டொராண்டோவின் கென் ரேண்டல் ஞாபகம் வருகிறார். அபராத பாக்கி 35 டாலரைக் கட்டும்வரை ஆடக்கூடாது என்று லீக் அவரை நிறுத்திவைத்திருந்தது. பிப்ரவரியில் ஒட்டாவாவுடன் ஆட்டம். மனுஷன் 32 டாலரை நோட்டாகவும், மீதி மூன்று டாலரை ஒரு பை நிறைய சென்ட் காசாகவும் கொண்டுவந்தார். முந்நூறு சென்ட்! சில்லறை செல்லாது என்றார்கள். பையைத் தூக்கி ஐஸ் மேல் எறிந்தார். ஒட்டாவா ஆட்டக்காரர் ஒருவர் போகிற போக்கில் மட்டையால் ஒரு போடு போட, பை கிழிந்து காசு அரங்கம் முழுக்கச் சிதறியது. பொறுக்கி முடிக்கும்வரை ஆட்டம் நின்றது.

இதே சீசனில்தான் ஒரு நல்ல காரியமும் நடந்தது. அதுவரை கோல்கீப்பர் நின்றபடியேதான் பக்கை, அதாவது ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டை, தடுக்க வேண்டும், விழுந்தால் தண்டனை. ஒட்டாவாவின் கிளின்ட் பெனடிக்ட் கால் வழுக்கியதுபோல் விழுவார், முழங்காலில் நிற்பார், எழுந்திருக்க மனசே வராது. பிரார்த்தனை செய்கிறார் என்று கேலி செய்தார்கள். எது நிஜ விழுகை, எது நடிப்பு என்று நடுவர் எப்படிக் கண்டுபிடிப்பது? ஜனவரி 9 அன்று, சீசன் நடுவிலேயே, கால்டர் விதியை மாற்றினார். தலைகீழாக நின்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றாராம். இன்று உங்கள் மகன் கைதட்டுகிற பாய்ச்சல்களெல்லாம் இந்த வழுக்கல் நடிப்பிலிருந்து வந்தவை.

அப்புறம் கோப்பை. கனேடியன்ஸை இரண்டு ஆட்டங்களில் மொத்தம் 10-7 என்று தாண்டிய டொராண்டோ, மேற்கு லீக்கின் வான்கூவர் மில்லியனேர்ஸுடன் மோதியது. கிழக்கில் அணிக்கு 6 பேர், மேற்கில் 7 பேர். தகராறு வேண்டாமென்று ஆட்டத்துக்கு ஆட்டம் விதியை மாற்றிக்கொண்டார்கள். கிழக்கு விதியில் நடந்த 1, 3, 5ஆம் ஆட்டங்களை டொராண்டோ வென்றது. மேற்கு விதியில் நடந்த இரண்டையும் வான்கூவர். கடைசி ஆட்டம் 2-1. ஒற்றைப்படை ஆட்டங்கள் மேற்கு விதிக்கு வாய்த்திருந்தால் கோப்பை யாருக்குப் போயிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. மகனைக் கூட்டிக்கொண்டு போனால், கோப்பையில் 1918க்கு என்ன பெயர் பொறித்திருக்கிறது என்று கேளுங்கள். டொராண்டோ அரீனாஸ் என்பார்கள். அந்த சீசனில் அணிக்கு அந்தப் பெயர் கிடையாது. அரங்கக் கம்பெனி அதற்கு அடுத்த சீசனுக்காகப் புது கிளப் பதிவு செய்தபோது வந்த பெயர் அது. கோப்பையில் அது ஏறியதோ, சுமார் 30 வருஷம் கழித்து.