சற்று முன் விழுந்த பந்து

கேள்வி: ஏப்ரலில் நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் இறுதி நாளை, பெறாமகனோடு இருந்து திங்கள் விடிய நாலரை மணிவரை பார்த்தேன். சீனக்குடாவில் விமானப்படையின் கோல்ஃப் திடலில் ஒருமுறை நேரில் பார்த்தபோது ஒன்றுமே நடவாதது போலிருந்த ஆட்டம், திரையில் மட்டும் மூச்சுவிட மறக்கச் செய்கிறது. இந்தப் பதற்றம் ஆட்டத்தினுடையதா, தொலைக்காட்சி செய்ததா?
– வாசகி, உப்புவெளி

பதில்: ஏகாம்பரம் மைதானத்தில் உதைபந்தாட்டம் நடந்தால் பந்து ஒன்றுதான், எல்லார் கண்ணும் அதன் பின்னால் ஓடும். கோல்ஃப் திடலில் ஒரே நேரத்தில் பல பந்துகள் பல திசைகளில் உருண்டுகொண்டிருக்கின்றன. பதினாறாம் குழியருகே நிற்பவருக்குப் பதின்மூன்றாம் குழியில் நடப்பது தெரியாது. தூரத்து ஆரவாரம் மட்டும் காதில் விழும். ஆகவே நீங்கள் விடிய விடியப் பார்த்த போட்டி, திடலில் நின்ற எவருமே முழுதாகப் பார்த்திராத ஒன்று. அதைக் கோத்துத் தந்தவர்கள், பல திரைகளின் முன் அமர்ந்திருக்கும் தயாரிப்பாளரும் நெறியாளரும்.

கோல்ஃபில் ஒரு சுற்று என்பது பதினெட்டுக் குழிகள்; குறைந்த அடிகளில் முடிப்பவரே முன்னே. ஒருவர் ஒரு சுற்றை முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் செல்லும். எழுபது அடிகள் என்று கொண்டு, அடிக்கு நாற்பது விநாடி ஒதுக்கினாலும் ஐம்பது நிமிடம் தேறாது. மிச்சமெல்லாம் நடையும் காத்திருப்பும்தான். ஒருவர் நடக்கும் நேரத்தில் இன்னொருவர் அடிப்பதைக் காட்டுவதால்தான் நமக்கு ஓய்வே இல்லை என்று தோன்றுகிறது. ஆனால் முன்னணியில் உள்ள இருவர் வேறு வேறு குழிகளில் ஒரே கணத்தில் அடித்தால், ஒன்றை நேரடியாகவும் மற்றதைப் பதிவுசெய்து சற்றுப் பிந்தியும் காட்ட வேண்டியிருக்கும். இங்கேதான் வரிசை என்பது பெரிய அதிகாரமாகிவிடுகிறது. முதலாமவர் பந்தைக் குழிக்குள் தள்ளி இரண்டாமவரைச் சமன்செய்வதை முதலில் காட்டி, அதன்பின் இரண்டாமவர் குனிந்து புல்லைப் பார்ப்பதைக் காட்டினால், ‘இதைத் தவறவிடக் கூடாதே’ என்று நம் வயிறு கலங்கும். இரண்டாமவரோ அந்தச் செய்தி வருமுன்பே அடித்து முடித்திருக்கக்கூடும். அவர் தோளில் இல்லாத சுமையை வரிசை ஏற்றிவைத்துவிட்டது. அடியும் முடிவும் உண்மை. நாம் பட்ட பதற்றத்தில் ஒரு பங்கு காட்சிகளைத் தொகுத்தவருடையது.

இதைவிடப் பெரிய மாற்றத்தைச் செய்தது ஓர் எளிய கணக்கு. அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியின் தயாரிப்பாளர் ஃபிராங்க் சேர்க்கினியன், 1960 மாஸ்டர்ஸ் ஒளிபரப்பில், ஆட்டக்காரர் அடித்த மொத்த அடிகளைக் காட்டுவதை விட்டு, ‘பார்’ எனப்படும், ஒவ்வொரு குழிக்கும் குறித்த நியம எண்ணிக்கையிலிருந்து எத்தனை கூட, எத்தனை குறைய என்று காட்டத் தொடங்கினார். மாஸ்டர்ஸ் நடக்கும் ஒகஸ்டா திடலில் ஒருவர் பன்னிரண்டு குழிகளை 46 அடிகளிலும், முன்னே செல்லும் ஒருவர் பதினைந்து குழிகளை 58 அடிகளிலும் முடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுற்றில் யார் மேலே? வீட்டில் இருப்பவர் தாளும் பேனையும் எடுக்க வேண்டும். அந்தக் குழிகளுக்கு நியமம் 47, 61 என்பதால் முதலாமவர் ஒன்று குறைய, மற்றவர் மூன்று குறைய என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். இன்னும் இரண்டு வேண்டும், ஆறு குழிகள் கிடக்கின்றன என்ற எண்ணம் மனதில் ஏறியவுடன் கதை தானாக நடக்கத் தொடங்குகிறது. நான் அறிந்தவரை, கோல்ஃப் ஒளிபரப்பில் இதற்கு ஈடான கண்டுபிடிப்பு வேறில்லை.

அதே வேளை, கை வைக்காமல் இருப்பதும் தொகுப்புக் கலைதான். 2005 மாஸ்டர்ஸ் இறுதி நாளில், பதினாறாம் குழியில், டைகர் வூட்ஸ் குழியை நோக்காமல் மேட்டை நோக்கி அடித்த பந்து மேலேறி, திரும்பி, மெல்ல இறங்கிக் குழியின் விளிம்பில் ஏறத்தாழ இரண்டு விநாடி நின்றுவிட்டு உள்ளே விழுந்தது. அந்த இரண்டு விநாடியில் கூட்டத்தின் முகங்களுக்குத் தாவாமல் வெள்ளைப் பந்தையே பிடித்துக்கொண்டிருந்ததால்தான் அந்தக் காட்சி இன்றும் வாழ்கிறது. அது திரும்பத் திரும்பக் காட்டப்பட்டதால் அதுவே வெற்றி அடி என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அவர் அடுத்த இரண்டு குழிகளிலும் ஒவ்வோர் அடி இழந்து, போட்டியாளர் கிறிஸ் டிமார்கோவுடன் சமநிலைக்கு வந்து, மேலதிகக் குழியில்தான் வென்றார்.

கேள்வி: எது நேரடி, எது பிந்தியது என்று பார்ப்பவர் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: பெரும்பாலும் வர்ணனையாளரே ‘சற்று முன்’ என்று சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒருவர் அடிக்க ஆயத்தமாகும்போது பின்னணியில் எங்கோ பெரிய ஆரவாரம் எழுந்து, சிறிது நேரத்தில் இன்னொருவரின் அருமையான அடி திரைக்கு வந்தால், நீங்கள் முதலில் கேட்டது பெரும்பாலும் அதைத்தான்.

கேள்வி: அப்படியானால் இது ஏமாற்று இல்லையா?
– வாசகர், மூதூர்

பதில்: ‘சற்று முன்’ என்று சொல்லிக் காட்டினால் இல்லை. ஒரே நேரத்தில் நடந்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் ஓர் அடிக்கு எழுந்த முகபாவத்தை வெட்டி இன்னோர் அடிக்குப் பின் ஒட்டுவது பொய். அதை நான் ஏற்கமாட்டேன்.

இதை நான் கற்றது கோல்ஃபில் இல்லை. திருகோணமலையில் கலியாண வீடியோக்களைத் தொகுத்துக்கொண்டிருந்த காலத்தில், தாலி கட்டும் காட்சிக்குப் பின் மணமகளின் தாயார் கண்ணீர் விடும் நான்கு விநாடியைச் சேர்த்தேன். மேளம் உச்சத்தில், பார்த்தவர்கள் எல்லாரும் கலங்கினார்கள். தாயார் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டு, “தம்பி, தாலி கட்டேக்க நான் அழேல்லை. விடியக்காலம் இவரின்ர படத்துக்கு விளக்குக் கொளுத்தேக்கதான் அழுதனான்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணவருக்காக விட்ட கண்ணீரை நான் வேறு இடத்துக்குக் கொண்டுபோயிருந்தேன். அன்றிரவே மூலப் பதிவைத் தேடி எடுத்து மாற்றினேன். இப்போது அந்த நான்கு விநாடியில் அவர் அழவில்லை. அட்சதையைக் கையில் மூடிப் பிடித்தபடி, தூவவும் மறந்து, மகளின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.