காருக்கு பல்ஸ் சர்க்யூட்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சென்ட்ரல் லாக்குக்கு ஒரு நொடி பல்ஸ் வேண்டும். 555 டைமர் ஐசிக்கு என்ன மதிப்பு போடுவது? (வில்லியனூர்)

100 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர், 10 மைக்ரோஃபாரட் கண்டன்சர். நேரம் = 1.1 × ரெசிஸ்டர் × கண்டன்சர், அவ்வளவுதான். அரை நொடி போதுமென்றால் 47 கே. கண்டன்சர் 20 சதவீதம் முன்னே பின்னே இருக்கும், லாக் மோட்டார் அதையெல்லாம் பார்க்காது. பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் போடுங்கள்.

கேள்வி: சுவிட்சை அழுத்திப் பிடித்தால் ரிலேவும் விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஐசி போய்விட்டதா? (திருப்பாதிரிப்புலியூர்)

இல்லை. 2-ம் பின் கீழேயே இருக்கும் வரை வெளியீடு இறங்காது. சுவிட்சுக்கும் 2-ம் பின்னுக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் போட்டு, அதன் இரண்டு பக்கத்திலிருந்தும் பிளஸ்ஸுக்கு 10 கே கொடுங்கள். சுவிட்சை விடும்போது பின் பிளஸ்ஸைத் தாண்டி எகிறும், அதற்கு 2-ம் பின்னிலிருந்து பிளஸ்ஸுக்கு ஒரு 1என்4148 டயோடு, அதன் மேல் உள்ள கோடு பிளஸ் பக்கம்.

கேள்வி: மேசையில் 12 வோல்ட் அடாப்டரில் அருமையாக வேலை செய்தது. காரில் மாட்டினால் இரண்டே நாளில் ஐசி காலி. மூன்று ஐசி மாற்றிவிட்டேன், போலி சரக்கா சார்? (மஞ்சக்குப்பம்)

இதே கடிதம் ஊர் பெயர் மட்டும் மாறி வந்துகொண்டே இருக்கிறது, எல்லோரும் கடைக்காரரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். தம்பி, காரில் 12 வோல்ட் என்று ஒன்று கிடையாது. இன்ஜின் ஓடும்போது 14-க்கு மேல் நிற்கும், ஸ்டார்ட் அடிக்கும்போது 8-க்குக் கீழேயும் போகும், ஹாரன், ஏசி கிளட்ச் காயில் ஒவ்வொன்றும் அணையும்போது லைனில் ஒரு உதை கொடுக்கும். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரி முனை லூசாகிக் கழன்றால், பாதுகாப்பில்லாத வண்டியில் ஒரு கணம் 100 வோல்ட் வரைகூட ஏறும். சாதாரண 555 தாங்குவதோ 16. அது சாகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பேட்டரி பக்கத்தில் 1 ஆம்பியர் ஃபியூஸ். அதற்கடுத்து எர்த்துக்கு 1.5கேஇ27ஏ டிவிஎஸ் டயோடு (லைனில் வரும் உதையை விழுங்குவது), கோடு பிளஸ் பக்கம். பிறகு லைனில் தொடராக 1என்4007 டயோடு. ரிலேவுக்கு இங்கிருந்தே பிளஸ் எடுங்கள். ஐசிக்கு மட்டும் 100 ஓம் வழியாகக் கொடுத்து, ஐசி பக்கத்திலிருந்து எர்த்துக்கு 12 வோல்ட் 1 வாட் ஜீனர் டயோடு, 100 மைக்ரோ 35 வோல்ட் கண்டன்சர். ரிலே காயிலுக்குக் குறுக்கே டயோடு கட்டாயம். கார் ரிலே சுமார் 150 மில்லி ஆம்பியர் இழுக்கும், பிசி547 (BC547) டிரான்சிஸ்டர் தாங்காது, பிடி139 (BD139) போடுங்கள். எல்லாம் சேர்த்தாலும் ஒரு வேளை சாப்பாட்டுக் காசு, அதை மிச்சம் பிடித்துத்தான் மூன்று ஐசி போயிருக்கிறது. ஃபியூஸ் இல்லாமல் ஷார்ட் ஆனால் ஐசியோடு நிற்காது, வயரிங்கே எரியும்.

கேள்வி: மஞ்சள் உறை போட்ட வயரிலிருந்து சிக்னல் எடுக்கலாமா? (அரியாங்குப்பம்)

கூடாது. அது ஏர்பேக்.

கேள்வி: என் காருக்கு பல்ஸ் சர்க்யூட் அனுப்பவும், அவசரம். (ஊர் இல்லை)

என்ன கார், எதற்குப் பல்ஸ், அந்த வயரில் பிளஸ் வர வேண்டுமா எர்த் ஆக வேண்டுமா என்று ஒரு வரிகூட இல்லை. மல்டிமீட்டரில் பார்த்து எழுதுங்கள், டெஸ்ட் பல்பு வைத்துக் குத்தாதீர்கள். இப்போதைய வண்டிகளில் கம்ப்யூட்டர் யூனிட் போய்விடும்.

கேள்வி: ஹாரன் அடித்தால் தானாக ட்ரிகர் ஆகிறது. (பாகூர்)

4-ம் பின்னை அந்தரத்தில் விட்டிருப்பீர்கள், 8-ம் பின்னோடு சேருங்கள். 5-லிருந்து எர்த்துக்கு 0.01 மைக்ரோ, 8-க்கும் 1-க்கும் நடுவில் ஐசியை ஒட்டி 0.1. ஹாரன் போல்ட்டிலேயே எர்த் எடுக்காதீர்கள். அப்புறமும் அடங்கவில்லை என்றால் உள்ளீட்டில் பிசி817 (PC817) ஆப்டோகப்ளர், சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் ஐசி.

கேள்வி: போர்டு சில மாதத்தில் பச்சை பிடித்து, நேரமும் தப்புகிறது. (தேவனாம்பட்டினம்)

உப்புக்காற்று. ஈரமும் உப்பும் சேர்ந்தால் தடங்களுக்கு நடுவே கரண்ட் கசியும், பெரிய ரெசிஸ்டர் வைத்தவர்களுக்குத்தான் முதலில் நேரம் தப்பும். ஒரு நொடிக்கு 1 மெக் (மெகா ஓம்), 1 மைக்ரோ வேண்டாம். 10 கே, 100 மைக்ரோ போட்டாலும் அதே நேரம்தான். சால்டர் ஃப்ளக்ஸை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, காயவிட்டு, அக்ரிலிக் கோட்டிங் அடியுங்கள். கருப்பு டேப் வெயிலில் இளகிப் பிரியும், ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். பெட்டியில் வயர் நுழையும் துளை கீழ்ப்பக்கம் இருக்கட்டும்.